மாமா உவமை சொல்லாத மழை

காலை ஏழே காலுக்குத் தெற்கே வானம் கறுத்தது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவின் நடுவே தறியில் ஏற்றவேண்டிய பட்டுப் பாவு இழைகளை நீளமாக விரித்துக் கட்டி, அப்பா கஞ்சி தடவிக்கொண்டிருந்தார். ஊரார் கல்யாணங்களுக்கே நெய்துவந்தவர், முதல்முறையாக அக்காவின் கல்யாணத்துக்கு நெய்யப்போகும் புடவை. கஞ்சி காயுமுன் மழை பட்டால் இழைகள் ஒட்டிச் சிக்காகிவிடும். முகூர்த்தத்துக்குள் இன்னொரு பாவுக்கு வழியில்லை.

ஆனாலும் யாரும் பதறவில்லை. மேகம் வருவதும் கலைவதும் தினமும் நடப்பதுதான். பதறுவதற்கென்றே எங்கள் வீட்டில் அம்மாவின் தம்பி, என் மாமா இருந்தார். நாலு தூறல் விழுந்தாலே, "வானத்துல எவனோ சாயத்தொட்டிய கவுத்துட்டான்பா" என்பார். வலுத்தால், "தாரையப் புடிச்சிக்கினு மேல ஏறிடலாம்." விடாமல் பெய்தால், "வருண பகவான் தறிய உட்டு ஏந்திரிக்க மாட்டேன்றாரு." தெருவே சிரிக்கும். "மச்சான் வாயிலதான் ஏரி ஒடையுது" என்பார் அப்பா.

விடியலில் தெற்கே ஓரிக்கைக்குப் போயிருந்த அந்த மாமா, சைக்கிளை வெறிபிடித்தவர்போல் மிதித்துக்கொண்டு தெருமுனையில் தோன்றினார்.

"மழை வருது."

அவ்வளவுதான். அடுத்த தெருவிலும் பாவு கட்டியிருந்தார்கள். நிற்காமல் அங்கே பறந்துவிட்டார்.

அப்பா கஞ்சித் துணியைக் கீழே போட்டார். தறிக்குழிகளிலிருந்து ஆட்கள் ஏறி ஓடிவந்தார்கள். சாயத்தொட்டிக்கு அசையாதவர்கள் இந்த இரண்டு சொல்லுக்கு ஏன் இப்படி ஓடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

பாவைச் சுருட்ட நேரமில்லை. எல்லாம் உற்சவத்தில் சாமி தூக்கிப் பழகிய தோள்கள். பாவுக்குக் குறுக்கே செருகிய கோல்களை ஆளுக்கொன்றாகப் பிடித்து, விறைப்புத் தளராமல், ஒரே நடையாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"முன்னாடி இழுக்காதடா, பொண்ணு பொடவடா அது" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்.

தெருக்கோடிச் சத்திரத்தின் நீண்ட நடைக்குள் கடைசி ஆள் நுழைந்ததும் மழை இறங்கியது. எதிர்வீடு காணாமல் போயிற்று. தேர் நிலைக்கு வந்ததுபோல் எல்லோரும் கைதட்டினார்கள். இன்றும் மேகம் கூடினால், என் பிள்ளைகள் வீடு வந்து சேரும்வரை வாசலிலேயே நிற்கிறேன். அந்தக் கைதட்டலை நினைத்துக்கொண்டால் கொஞ்சம் தைரியம் வரும்.

கடைசியில் மாமா வந்தார், சொட்டச் சொட்ட. இப்படியொரு மழைக்கு என்ன சொல்லப்போகிறாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா தன் துண்டால் அவர் தலையைத் துவட்டினார். மாமா கையைத் துடைத்துக்கொண்டு, பாவைப் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவர் அப்பாவிடம் சொன்னதைக் கேட்டு எனக்கு ஒரே ஏமாற்றம்.

"நனையல மாமா."