முறுக்கு டின்னில் வந்த கடிகாரம்

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தேன். கதிர்வீச்சை அளக்கும் சின்னக் கருவி ஒன்று என்னிடம் இருந்தது. வெளிநாட்டில் வேலை பார்த்த மைத்துனர் வாங்கி வந்தது. கதிர் பட்டால் டிக் டிக்கென்று சத்தம் போடும். சிலருக்குச் சீட்டாட்டம், எனக்கு இது. எந்தச் சாமானைக் கண்டாலும் கருவியை நீட்டிவிடுவேன். பீங்கான் கிண்ணம் சும்மா இருக்கும். பெட்ரோமாக்ஸ் மேன்டில் படபடவென்று பொரியும். ரேடியம் பூசி இருட்டில் பச்சையாக மினுங்கும் பழைய கடிகாரங்கள் அதைவிட மோசம். வகுப்பிலும் இதையெல்லாம் காட்டியதில் தெருவுக்குள் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. என் மனைவிக்கு அதில் பெருமை ஒன்றும் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுப் பெண் முறுக்கு டின் ஒன்றை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே ஓர் அலாரம் கடிகாரம். கொழும்பில் கடை வைத்திருந்த அவருடைய அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்தது. கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனதும் விடாமல் இரைந்தது. நான் வழக்கம்போல் உற்சாகமாக விளக்க ஆரம்பித்தேன்.

"அப்போ இதுதான் அவியளக் கொன்னுச்சா, அண்ணாச்சி?" என்றார்.

அவருடைய கணவர் கழுகுமலையில் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் கணக்குப் பார்த்தவர். முந்தின வருடம்தான் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார். முதல் பஸ்ஸைப் பிடிக்க அவர் எழும்ப வேண்டுமென்று தினமும் இதற்குச் சாவி கொடுத்து வைத்தவர் இந்தப் பெண். இந்த மாதிரிக் கடிகாரத்தில் கதிர்வீச்சு இருக்குமென்று என் மாணவன் யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு வாரமாகக் கடிகாரத்தைக் கொல்லையில் விறகுக்கு அடியில் போட்டு வைத்திருந்தாராம்.

ஆறுதலாக ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். அவர் கேட்டது ஆறுதல் இல்லை.

"இது வீட்ல எங்கன இருந்துச்சும்மா? வாங்க, காட்டுங்க" என்று எழுந்தேன். மனைவியும் கூட வந்தாள்.

கட்டில் ஒரு மூலையில். கடிகாரம் இருந்த அலமாரி எதிர்ச்சுவரில்.

"கைக்கு எட்டுத மாதிரி வச்சா அமத்திட்டுத் திரும்பவும் தூங்கிருவாவ. அதான் அங்கன வச்சேன்."

கடிகாரத்தை அதே இடத்தில் வைத்துவிட்டு, அவர் கணவர் தலை வைத்துப் படுத்த தலையணையில் கருவியை வைத்தேன். எப்போதாவது ஒரு டிக். பிறகு கடிகாரத்தை மனைவியிடம் கொடுத்து எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அளந்தேன். அதே எப்போதாவது ஒரு டிக்தான். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் எல்லார் மேலும் எந்நேரமும் படுகிற கதிர் அது என்று சொன்னேன். நோய் எதனால் வந்தது என்று எனக்குத் தெரியாது, இந்தக் கடிகாரத்தால் வந்திருக்காது என்றேன்.

"இன்னொருக்க வைங்க அண்ணாச்சி."

வைத்தேன். தலையணைப் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம்தான் அழுதார். திரும்பி வந்த என் மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அதுவரை நான் சாமான்களை மட்டும்தான் அளந்திருக்கிறேன். இப்போதும் யாராவது பழைய பொருள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால், அது வீட்டில் எங்கே இருந்தது, பக்கத்தில் யார் படுத்திருந்தார்கள் என்று கேட்காமல் நான் கருவியைக் கையில் எடுப்பதில்லை.