பெருமாளுக்கு வாங்கிய சீடை

ஸ்ரீஜயந்தி நெருங்கும்போது என் வலது கையில் மாவுக்கட்டு. வீட்டில் சீடை உருட்ட வேறு ஆள் இல்லை. பிரவுசிங் சென்டரில், எங்கள் ஊர்க்காரர்களின் இணையக் குழுவில், ஐயம்பேட்டைப் பெண் ஒருத்தி வீட்டிலேயே பலகாரம் செய்து தருவதாக எழுதியிருந்தாள். கடை கிடையாது, முகமும் தெரியாது. இருந்தும் அவளிடமே சீடைக்குச் சொல்லிவிட்டேன்.

"என்ன எண்ணெயோ, என்ன சுத்தமோ" என்று என் கணவர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். என் கவலை வேறு. பெருமாளுக்குப் படைக்கும் முன் அதை யாரும் வாயில் போடக்கூடாது. "ருசி பார்க்காமல் செய்யுங்கள்" என்று இடது கையால் தட்டித் தட்டி எழுதினேன். "சரிங்க" என்று பதில் வந்தது. சரி என்று யார்தான் சொல்ல மாட்டார்கள்? விற்கிறவள் ஒன்றையாவது கடித்துப் பார்க்காமலா அனுப்புவாள்?

ஷேர் ஆட்டோவில் டப்பா வந்து சேர்ந்தது. அரை மனதோடு பெருமாள் முன் வைத்துப் பூஜையை முடித்தேன்.

என் கணவர்தான் முதலில் ஒன்றை எடுத்துக் கடித்தார். முகம் கோணியது. "என்னடி இது, உப்பே இல்லை!"

நானும் கடித்தேன். பேருக்குக்கூட உப்பு இல்லை. அப்பாடா என்றிருந்தது. இன்னும் இரண்டை வாயில் போட்டுக்கொண்டேன்.

"அவ ஒண்ணைக்கூட ருசி பாக்கலைன்னு தெரியறதோல்லியோ? அடுத்த வருஷமும் இவகிட்டதான் வாங்கணும்" என்றேன்.