சித்தியின் காளானும் என் தேன்சிட்டும்

அந்த வாரம் முழுக்கச் சித்தியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கிணற்றடிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அம்மாவின் தங்கையான அவள், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் தங்கித் திருச்சிக் கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருபவர்களோ, தை மாதமே கல்யாணம், படித்தவரை போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு அது நல்ல சம்பந்தம். எனக்குப் புதுப் பாவாடை.

சனிக்கிழமை சித்தி என்னையும் கொள்ளிடக்கரைத் தோப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். மக்கிய மாங்கட்டையில் முளைத்திருந்த காளானை பிளேடால் கீறி எடுத்து பிஸ்கட் டப்பாவில் வைத்தாள். ஆசாரம் பார்க்கும் அம்மா அந்த டப்பாவை மாட்டுக்கொட்டகை தாண்டி உள்ளே விடமாட்டாள். மேலே கிளையில் ஒரு தேன்சிட்டு விடாமல் பாடிக்கொண்டிருந்தது. காளான் பாடாது, பறக்காது, தின்னவும் விடமாட்டார்கள். சிட்டு எவ்வளவோ மேல் என்றேன்.

“சிட்டு வாயைத் திறந்தா எங்க இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சுடும்டீ. உடனே பிடிக்க வந்துடுவா. காளான் அதுபாட்டுக்குக் கட்டைக்குள்ள தன் காரியத்தைப் பார்த்துண்டிருக்கும்” என்றாள் சித்தி. சொல்லிவிட்டு டப்பாவை மூடி, மறுபடி திறந்து, மறுபடி மூடினாள்.

மறுநாள் கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆனபின் பிள்ளையின் அம்மா, “பொண்ணு ஒரு பாசுரம் சேவிக்கட்டுமே” என்றாள். எங்கள் வீதியில் சித்தியைப் போல் பாட ஆள் கிடையாது. நான் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“தொண்டை கட்டிண்டிருக்கு” என்றாள் சித்தி, குனிந்த தலை நிமிராமல், கரகரத்த குரலில்.

எவ்வளவு கேட்டும் பாடவில்லை. அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்ததும் நான் ஓடிப்போய் தொண்டைக்கு மிளகுப் பால் கலந்து எடுத்துவந்து எல்லார் முன்னாலும் நீட்டினேன். சித்தி என்னைப் பார்த்த பார்வை கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

குரல் சரியில்லாத பெண் வேண்டாம் என்று இரண்டே நாளில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா சித்தியோடு பேசுவதை நிறுத்தினாள்.

அன்று மாலை தோப்பில் சித்தி பாடினாள். தொண்டையில் ஒரு கரகரப்பும் இல்லை. எனக்கு மனசு அடித்துக்கொண்டது. இந்தக் குரலைக் கேட்காமல்தானே வேண்டாம் என்றார்கள்? அவர்கள் வீடு திருவானைக்காவலில்தான், நடந்தே போய்விடலாம்.

“சித்தி, தொண்டை சரியாயிடுத்துன்னு நான் அவாத்துல போய்ச் சொல்லிட்டு வரட்டுமா?”

சித்தி சட்டென்று பாட்டை நிறுத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை விடவில்லை. நல்ல சேதி சொல்லப் போகிறேன் என்பதற்கு இவள் ஏன் என் கையை இப்படி இறுக்கிப் பிடிக்கிறாள் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தேன்.