டிரைவர் சீட் இல்லாத காகித பஸ்

ஹெப்பாளுக்கு எங்களை அழைத்துப்போகும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர் அவர். முன்வழுக்கை, விரலெல்லாம் பசைக் கறை. ஷிஃப்ட் முடிந்து நாங்கள் ஏறும்வரை, கம்பெனி வாங்கப்போகும் எலெக்ட்ரிக் பஸ்ஸைக் காகிதத்தில் செய்துகொண்டிருப்பார். ஒட்டியதையெல்லாம் குழந்தைக்குச் சோறு ஆற்றுவதுபோல் ஊதுவார். வைப்பர்கூட இருந்தது, டிரைவர் சீட்டைத்தான் காணோம்.

“சீட்ட மறந்துட்டீங்களாண்ணா?”

“இல்லம்மா. புது பஸ்ஸ ஓட்டுறதுக்கு டெஸ்ட் வெச்சாங்க, ஃபெயில். இல்லாத கிளட்ச்சத் தேடி இடது கால் பிரேக்க மிதிச்சிடுச்சு, எல்லாரும் முன்னாடி போய் விழுந்தாங்க. மறுபடி கூப்பிட்டிருக்காங்க. பாஸாகிட்டு ஒட்டிக்கலாம்.”

ஆயுத பூஜை முடிந்து புது பஸ் வந்தது. ஏறியதும் நான் டிரைவர் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குக் கீழே நின்ற காகித பஸ்ஸைத்தான் பார்த்தேன். சீட் ஒட்டியிருந்தது.

ரிங் ரோடு சிக்னலில் பஸ் நின்றதே எங்களுக்குத் தெரியவில்லை.