இரண்டு அடுக்குத் துணி

அலுவலகத்தில் அவருக்கு 'இன்னும் ஒரு மீட்டர்' என்று பெயர். காற்றாலை இறக்கைகளை வரைந்தே இருபத்தாறு வருடம் ஓட்டியவர். எந்தக் கூட்டமானாலும், "இன்னும் ஒரு மீட்டர் நீட்டலாமே" என்பார். நீட்டினால் அதிகக் காற்று சிக்கும், மின்சாரம் கூடும். ஆனால் எடை அதைவிட வேகமாகக் கூடும். எடைக்குப் பயந்து மெலிதாக்கினாலோ, இறக்கை காற்றில் பின்னால் வளைந்து தன் கோபுரத்தையே உரசப் பார்க்கும். எதை விட்டு எதைப் பிடிப்பது என்பதுதான் அவர் பிழைப்பு. அதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற மிதப்பும் கொஞ்சம் உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே உண்டு.

எழுபத்தொரு மீட்டர் இறக்கையை எழுபத்து நான்காக்கினார். எடை எகிறியது. நடுப்பகுதியில் பலத்துக்காக விரிக்கும் கண்ணாடி இழைத் துணியில் இரண்டு அடுக்கை எடுத்துவிட்டார். நுனிக்கும் கோபுரத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி கணக்கில் மயிரிழையில் தேறியது. திடீரென்று ஓங்கி வீசும் காற்றைக் கணக்கில் கொஞ்சம் குறைத்துப் போட்டிருந்தார். சரியாகப் போட்டிருந்தால் தேறியிருக்காது. அது அவருக்குத் தெரியும்.

அந்தத் துணியை அச்சில் விரித்து இறக்கை வார்க்கும் அச்சுக்கூடத்தின் மேற்பார்வையாளர் அவருடைய மைத்துனர், மனைவியின் தம்பி. துணியைத் தடவிப் பார்த்தே எத்தனை அடுக்கு என்று சொல்லிவிடுவார்.

"அத்தான், நடுவுல ரெண்டு அடுக்கு குறையுதே. ரொம்ப வளையாதா?"

"நீ துணிய விரி. கணக்க நான் பாத்துக்கறேன்."

பத்துப் பேர் முன்னால் சொன்னார். மைத்துனர் சிரித்து மழுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

சோதனைக்கு நிறுத்திய முதல் காற்றாலையிலேயே, ஒரு மத்தியானம், இறக்கை கோபுரத்தில் மோதி இரண்டாக முறிந்தது. நல்லவேளை, கீழே ஆளில்லை. விசாரணைக் குழு அச்சுக்கூடக் குறிப்பேட்டைப் புரட்டியது. ஓரிடத்தில் துணியில் சுருக்கம் விழுந்ததையும் அதைச் சரிசெய்ததையும் மைத்துனர் ஒளிக்காமல் எழுதி வைத்திருந்தார். "சுருக்கத்தால இப்படி ஆகுமா?" என்று குழுத் தலைவி கேட்டார்.

"ஆகலாம்" என்றார் இவர். பொய்யில்லை, ஆகலாம்தான். அந்த ஒரு சொல்லோடு வாயை மூடிக்கொண்டார். மைத்துனரை மேற்பார்வையிலிருந்து இறக்கித் துணி வெட்டும் மேசைக்கு அனுப்பினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வீட்டுக்கு வந்தார். அக்கா காப்பி போட உள்ளே போகட்டும் என்று காத்திருந்து, "என் கையால உங்க பேர் கெட்டுப்போச்சு அத்தான். மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். கண் சிவந்திருந்தது.

இவருக்கு உடம்பெல்லாம் கூசியது. இல்லப்பா, தப்பு என்னுது. மூன்றே சொல். தொண்டை வரை வந்தது. "விடுப்பா, நடந்தது நடந்துபோச்சு" என்று என்னவோ பெரிய மனது பண்ணியவர் போலச் சொல்லி, தோளில் வேறு தட்டிக்கொடுத்தார். அப்படித் தட்டிய கையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அன்று முழுக்க அவருக்குத் தெரியவில்லை.

ஆனால் அடுத்த இறக்கையும் அதே வரைபடத்தில் அச்சுக்குப் போகவிருந்தது. இந்த முறை மோதினால் கீழே யார் நிற்பார்களோ. அதையும் பார்த்துக்கொண்டிருக்க அவர் ஒன்றும் கல்நெஞ்சர் இல்லை. இரண்டு அடுக்கைத் திரும்பச் சேர்த்து, நீளத்தில் ஒன்றரை மீட்டரைக் குறைத்தார். மாற்றப் படிவத்தில் காரணம் கேட்கும் கட்டத்தில் 'தயாரிப்பு வசதிக்காக' என்று எழுதினார். அந்தத் துணியை வெட்டப்போவது யார் என்பது, கோப்பை அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

மறுநாள் அச்சுக்கூடத்துக்குப் போனபோது மைத்துனர் புதிய வெட்டுப் பட்டியலை மேசையில் விரித்து, நடுப்பகுதி அடுக்குகளை விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு நிமிர்ந்து இவரைப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் இவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றார் மைத்துனர், கத்தரியை எடுத்துக்கொண்டே.

நானே சொல்லிடறேன்பா என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சரிப்பா" என்றார்.