விமானத்து மெத்தையும் வேலிக்காத்தான் மறைவும்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரு பட்டறையில் பஸ், கார் சீட்டுகளுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தேன். பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். எங்களுக்குக் கழிப்பறை கிடையாது. பின்பக்கத்து வேலிக்காத்தான் புதர்தான் மறைவு. அந்த நிலத்தை யாரோ வாங்கிப் புதரை வெட்டிக் கம்பி போட்டதும் அதுவும் போயிற்று. தண்ணீரே குடிக்காமல் வேலை செய்தோம். என் பக்கத்து மெஷின்காரி நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் படுத்தாள்.

அப்போதுதான் ஒரு பெரிய முதலாளியின் சொந்த ஜெட் விமானத்து இருக்கைகள் புதுத் தோல் போட வந்தன. கூட வந்த இன்ஜினியருக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த மாதிரிச் சின்ன ஜெட்டுகளில் சில, முதலில் ராணுவ அதிகாரிகள் போய்வரச் செய்தவையாம். பிறகுதான் முதலாளிகளுக்கென்று மாற்றினார்களாம். இன்ஜின் இரண்டும் வால்பக்கம் இருப்பதால் உள்ளே நிம்மதியாகப் பேசலாம். நாற்காலிகளைத் திருப்பி எதிரெதிரே உட்காரலாம், சாய்த்துப் படுக்கலாம்.

கடைசியாக ஒரு சதுர மெத்தையை என்னிடம் நீட்டினார்.

"இதுக்கு மெத்துன்னு தோல் போடும்மா. கக்கூஸ் மூடி மேல வர்றது. ஆள் அதிகமானா இதுலயும் பெல்ட் போட்டு உட்காரலாம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மெட்ராஸில் ஏறிப் பம்பாயில் இறங்குகிற மனுஷனுக்கு அந்தக் கொஞ்ச நேரம்கூட அடக்க முடியாது. எங்களுக்கு நாள் முழுக்க அடக்கத் தெரியவேண்டும்!

மெத்தையைக் கீழே வைத்துவிட்டேன். சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

"இன்னாம்மா, அர்ஜென்ட் வேலைய வுட்டுட்டுக் குந்திக்கினு கீறே?"

"ஆகாசத்துல போறவருக்குக் கக்கூஸ் கீது, அதுக்கு மெத்தை வேற. எங்களுக்கு நாலு செவுரு கட்டிக் குடு சார், தைக்கிறேன்."

"நீ இல்லன்னா வேற ஆளு தைக்கும்."

"யாரு தைக்கிறா, பாக்கலாம்" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

விமானம் காத்திருக்கிறதே! அந்த வாரமே பட்டறைக்குப் பின்னால் சுவர் எழும்பியது, தகரக் கதவும் வந்தது. நான் மெத்தையைத் தைத்துக் கொடுத்தேன். இருக்கைகள் லாரி ஏறிப் போன மறுநாள், கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி சூப்பர்வைசர் சட்டைப்பையில். வயசுப் பெண்கள் அந்த ஆளிடம் போய்க் கேட்டு வாங்க வேண்டுமாம்!

காய்ச்சல் தேறி வந்திருந்த பக்கத்து மெஷின்காரி சுத்தியலை எடுத்துப்போய் ஒரே போடாகப் போட்டாள். பூட்டைக் கொண்டுவந்து சூப்பர்வைசர் மேஜைமேல் வைத்தாள்.

அவர் அதை எடுத்து டிராயருக்குள் போட்டுக்கொண்டார்.