மாமாவின் கேபிளும் மச்சினனின் ஃபைபரும்

எங்கள் தெருவுக்கு இன்டர்நெட் கொண்டுவந்தவர் கேபிள் முதலாளி. கம்பம் ஏறி வீட்டுக்கு வீடு இழுத்துவிட்டதெல்லாம் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. அவனை நாங்கள் ஏணி என்போம். பதினொரு வருடம் மாடாக உழைத்தான். ஒருநாள் ஒரு கேபிள் ரோல் காணவில்லை என்று, தெருவே வேடிக்கை பார்க்க, "திருட்டுப் பய" என்று விரட்டிவிட்டார் அந்த மனிதர். மறுவாரமே ரோல் அவர் குடோனில் பழைய பெட்டிகளுக்கு அடியில் கிடைத்தது. அதைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. அக்காதான் தம்பியிடம் சொன்னாள்.

ஏணி கறுவிக்கொண்டான். இதே தெருவில், நாலு பேர் கேட்க, அவர் வாயாலேயே அதைச் சொல்லவைக்க வேண்டும். நேராகப் போய் ஃபைபர் கம்பெனியில் சேர்ந்தான்.

கேபிளில் அவன் கைவைக்கவே இல்லை. மழை நாளாகப் பார்த்து வந்தான், அவ்வளவுதான். இணைப்புகளுக்கு மூடி வாங்க மனசு வராமல் பிளாஸ்டிக் பையைச் சுற்றச் சொன்னவர் முதலாளி. எந்தக் கம்பத்தில் எந்தப் பை கிழிந்து தண்ணீர் இறங்கும் என்பது ஏணிக்கு அத்துப்படி. எங்கள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, வெளியூரில் இருக்கும் என் மகளுக்கு வீடியோ கால் போடச் சொன்னான். கேபிளில் அவள் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாள். போன் டேட்டாவில் நன்றாக வந்தாள், நான் சமையலறைக்குள் போனதும் மறைந்தாள். அவன் ஏற்கெனவே போட்டுக்கொடுத்திருந்த பக்கத்து வீட்டு ஃபைபரில் அவள் மூக்கில் இருந்த பருகூடத் தெரிந்தது.

எல்லோரிடமும் ஃபைபரைத் திணிக்கவும் இல்லை. எதிர்வீட்டு ரிட்டையர்டு டீச்சரிடம், "நீங்க வாட்ஸப் மட்டும்தானே பாக்குறீங்க, ஃபைபர் வேஸ்ட். போன் ரீசார்ஜே போதும். கேபிளை மட்டும் கழட்டிடுங்க" என்றான். நியாயமானவன் என்ற பெயர் வேறு கிடைத்தது. எனக்கு அதில் கொள்ளைச் சந்தோஷம்.

கேபிளில் நாலு வீடு மட்டும் மிச்சமிருந்தபோது, தூறலில் குடையோடு முதலாளி கம்பத்தடிக்கு வந்தார். ஏணி மேலே இருந்தான்.

"அந்த ரோலை நீ எடுக்கல," என்று முணுமுணுத்தார்.

"காதுல விழல மாமா."

"நீ எடுக்கலடா. என் குடோன்லதான் கிடந்துச்சு. நான்தான் தப்பாப் பேசிட்டேன்."

இந்தமுறை மொட்டைமாடியில் துணி அள்ளிக்கொண்டிருந்தவர்கள்வரை கேட்டது. ஏணி நிதானமாக இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"சொல்லிட்டேன்ல? மிச்சம் நாலு வீட்டையாவது விட்டுடு."

"மூணுதான் மாமா. உங்க வீட்டுக்குக் காலையிலயே ஃபைபர் போட்டாச்சு. அக்காதான் வரச் சொன்னாங்க."